முந்நூறு மீட்டர்

அப்பாவின் கண்களை மூடிவிட்டு ஜன்னலையும் மூடினாள் அக்கா. மணி ஆறு இருபது.

"பெரியப்பாவுக்கு ஃபோன் போடுறேன்" என்று தம்பி செல்லை எடுத்தான்.

"போடாத. மத்தியானம் வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது."

அவனுக்குப் புரிந்துவிட்டது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்கு அனுமதி கொடுப்பதா என்று நகராட்சியில் பத்து மணிக்குக் கூட்டம். தெருவே சேர்ந்து ஆட்சேபணை மனு போட்டது. வேலை தருகிறோம் என்றதும் தெருவே சேர்ந்து திரும்ப வாங்கிக்கொண்டது. மிச்சம் அப்பாவுடையது ஒன்றுதான். புகைபோக்கியிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் வீடு இருக்கக் கூடாது என்பது விதி. ஆலைக்காரர்கள் கொடுத்த வரைபடத்திலோ இந்த வீடு காலி மனை. மனு போட்டவர் நேரில் வர வேண்டும், முடியாவிட்டால் கையெழுத்துப் போட்டு ஆள் அனுப்பலாம். கூட்டத்தில் மனுவை எடுப்பதற்குள் அவர் செத்துப்போனால் மனுவும் செத்தது. நேற்றுச் சாயங்காலம்தான் அக்கா பெயருக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

தம்பி நகராட்சிக் குப்பை லாரி ஓட்டுகிறவன், தினக்கூலி. ஆலை வந்தால் நிரந்தர வேலை என்று தலைவரே வாக்குக் கொடுத்திருந்தார்.

"பெத்த அப்பன் பொணத்த வெச்சுக்கிட்டு மனுவப் பத்திப் பேசுற. நெஞ்சுல ஈரமே இல்லையாக்கா உனக்கு?"

"நான் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத. அது போதும்."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க. அத நெனச்சியா?"

நினைத்தாள். கடிதத்தை எடுத்துப் பையில் வைத்தாள். கிளம்பும்போது பழக்க தோஷத்தில் "வர்றேம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. வாசலில் நின்று அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு போனாள்.

"ஊரே நாறுது. குப்பைய உங்க வீட்டுல கொட்டலாமா?" என்று கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். "எரிச்சா மட்டும் மாயமாயிடுமா? மேல போனது மூக்கு வழியா உள்ள வரும்" என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "பாய்லர்காரர் வரலையா? கூட்டம்னா மொத ஆளா வந்து நிப்பாரே."

அப்பா முப்பது வருஷம் ஒரு ஆலையில் பாய்லர் பார்த்தவர். புகையைப் பற்றி அவரிடம் யாரும் கதை விட முடியாது.

"உடம்புக்கு முடியல." கடிதத்தை நீட்டினாள். "வந்து அளந்து பாருங்க. அவரு கேக்கறது அவ்வளவுதான்."

அதிகாரி விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுக்க வழியில்லை என்றார். மூன்று மணிக்கு அளப்பது என்று பதிவானது.

அவள் திரும்பியபோது மணி பன்னிரண்டு. தம்பி கட்டிலருகே அதே நாற்காலியில் இருந்தான். யாருக்கும் சொல்லவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குத்தான் உறவுக்காரர்களுக்கு ஃபோன் போட்டார்கள்.

மூன்று மணிக்கு வீடு நிறைய ஆட்கள். சர்வேயரோடு வந்த தலைவர் கூட்டத்தைக் கண்டு திகைத்துப்போனார். உள்ளே வந்து அப்பாவின் கையைத் தொட்டவர், சட்டென்று எடுத்துக்கொண்டார். கை கட்டையாக விறைத்திருந்தது.

"எப்ப போச்சு உசுரு?"

கேட்டது தம்பியை.

காலையில் என்று ஒரு வார்த்தை போதும். மனு செல்லாது, இவனுக்கு வேலை நிச்சயம்.

தம்பி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பன்னண்டரைக்குங்க" என்றான். "அளக்க வர்றாங்கப்பான்னு அக்கா வந்து சொல்லுச்சு. கேட்டுட்டுத்தான் போனாரு."

தலைவர் அந்த விறைத்த கையை மறுபடி பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ஆமாங்க."

வெளியே சர்வேயர் டேப்பைப் பிரித்துவிட்டு, நுனியைப் பிடிக்க ஆள் தேடினார். தம்பி வாசலில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டுக் குந்தினான். நுனியை வாங்கி, வீட்டுச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.