ஐந்தாவது குழாய்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைச் சல்லடையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஏரியின் அடியிலிருந்து எடுத்துவந்த சேற்றை அமிலத்தில் கழுவி, நுண்ணிய சல்லடைகளில் அலசி, அதில் ஒளிந்திருக்கும் பழைய மகரந்தத்தைப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் எந்த மரம் பூத்தது, எங்கே புல் மட்டும் மிஞ்சியது, மழை கூடியதா குறைந்ததா என்பதெல்லாம் அந்தத் தூளில் இருந்தது. அவள் பிரித்துக் கொடுப்பதை ஆராய்ச்சியாளர் நுண்ணோக்கியில் ஒவ்வொரு மணியாக எண்ணுவார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். வெளியாட்கள் இருந்தால் "சார்", இல்லாவிட்டால் "தம்பி".

வெள்ளிக்கிழமை அவர் தன் ஆய்வேட்டை அனுப்ப வேண்டும். அதன் முடிவு புதுசு. சுற்றியுள்ள ஏரிகளிலெல்லாம் எரிமலைச் சாம்பல் விழுந்ததும் காடு அழிந்து புல் வந்திருக்கிறது. இந்த ஏரியில் மட்டும் புல் இருந்த இடத்தில், சாம்பலுக்குப் பிறகு காடு செழித்திருக்கிறது.

"நம்ம ஏரி மட்டும் குடும்பத்தோட ஒத்துப்போகாத மருமக மாதிரிக்கா," என்று சிரித்தார்.

"மருமகள்னா இளப்பமா? அவ சொல்றது சரியாவும் இருக்கலாமில்ல," என்றாள்.

ஏரியின் அடிச்சேற்றை மேலிருந்து கீழாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, நீளக் குழாய்களில் எடுத்து எண் போட்டு வைத்திருந்தார்கள். சாம்பல் இருந்தது ஐந்தாவது குழாயில். நாலு மில்லிமீட்டர் கனம். அதன் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். புதன்கிழமை மதியம் அவள் அதில் ஒரு துண்டை வெட்டி, பிசினில் இறுக்கி, கண்ணாடி போலத் தேய்த்து, மேல்பக்கம் எது என்று ஊசியால் கீறி அடையாளம் வைத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தாள்.

சாம்பலின் பெரிய மணிகள் மேலே இருந்தன. மாவு போன்றவை கீழே.

மறுபடி பார்த்தாள். தினமும் குவளையில் சேற்றைக் கலக்கி வைக்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கனமானது முதலில் இறங்கும், லேசானது கடைசியில் வந்து படியும். ஏரியிலும் அப்படித்தான். அப்படியானால் குழாய் தலைகீழாக இருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன் ஏரியில் சேறு எடுத்த அந்த மழைநாள் நினைவுக்கு வந்தது. மிதவைமேல் நின்று ஒவ்வொரு குழாயையும் மூடியது அவள்தான். மேல்பக்கத்துக்குச் சிவப்பு மூடி, கீழ்ப்பக்கத்துக்கு நீலம். ஐந்தாவதுக்கு வைத்திருந்த சிவப்பு மூடி ஈரக்கையிலிருந்து நழுவி ஏரியில் விழுந்தது. இரண்டு பக்கமும் நீல மூடியைப் போட்டு, பேனாவால் 'மேல்' என்று எழுதினாள். கரைக்கு வருவதற்குள் மழை அதை அழித்துவிட்டது. கூடாரத்தில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினாள். யாரிடமும் சொல்லவில்லை. சரியாகத்தான் எழுதுகிறோம் என்று நம்பினாள்.

அவளுடைய வேலை ஒப்பந்தம் அடுத்த வாரத்தோடு முடிகிறது. நீட்டிக்கும் கடிதம் ஆய்வுக்கூடத் தலைவியான பேராசிரியையின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கணவரிடம் சொன்னாள். அவர் பேருந்து ஓட்டுபவர்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அது சரி. வேற யாருக்கு?"

"உங்களுக்கு."

"நான் வாயைத் திறக்க மாட்டேன்." ஒரு சட்டையை உதறினார். "ஏம்மா, எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அழிஞ்ச காடு. கையெழுத்து விழற வரைக்கும் ஒரு வாரம் பொறுக்காதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காடு பொறுக்கும். அந்தப் புள்ள வெள்ளிக்கிழமை அனுப்பிடுமே."

அவர் சட்டையை மடித்து அடுக்கில் வைத்தார். பிறகு, "ஒருதடவை தப்பான ரோட்டுல வண்டியைத் திருப்பிட்டேன். தெரிஞ்சும் சொல்லாம ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். ஜனங்க திட்டினதுகூட மறந்துபோச்சு. அந்த ரெண்டு கிலோமீட்டர் மறக்கலை. நீ போய்ச் சொல்லிடு," என்றார்.

காலையில் அவள் வழக்கம்போல் சாமி படத்தின் முன் கைகூப்பி நின்றாள். வேலை போகக்கூடாது என்று கேட்க நினைத்தாள். கேட்டது, நாக்கு குழறாமல் சொல்லிமுடிக்க வேண்டும் என்பதை மட்டும். நாமே செய்யக்கூடியதைக் கடவுள் தலையில் கட்டக்கூடாது, அவருக்கு எத்தனையோ வேலை, என்பது அவள் எண்ணம்.

ஆராய்ச்சியாளர் முழுவதும் கேட்டார். மூடி விழுந்தது, மை அழிந்தது, எல்லாம்.

"நாலு வருஷம்க்கா!" குரல் உயர்ந்தது. "இப்போ வந்து சொல்றீங்களே!"

"நேத்துதான் தெரிஞ்சுது, தம்பி. பாருங்க."

பார்த்தார். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. பின்பு மகரந்த வரைபடத்தை எடுத்து, ஐந்தாவது குழாயின் பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி, தலைகீழாகத் திருப்பி வைத்தார். மேலே நாலாவது குழாயின் அடியில் இருந்த புல்லோடு புல் சேர்ந்தது. கீழே ஆறாவதின் உச்சியில் இருந்த மரங்களோடு மரங்கள் சேர்ந்தன. அந்த இரண்டு இடத்திலும் முன்பு கோடு முறிந்திருந்ததற்கு, 'நடுவில் சேறு அரித்துப்போயிருக்கலாம்' என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுதி வைத்திருந்தார்.

"ரெண்டு பக்கம்!" என்று சொல்லிக்கொண்டார். "அரிக்காத சேத்தை நானே அரிச்சுட்டேன்." கொஞ்சம் கழித்து, "மருமக கடைசியில குடும்பத்தோடதான் இருக்கா, அக்கா," என்றார். சிரிப்பு சரியாக வரவில்லை. அவள் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

இருவரும் பேராசிரியையிடம் போனார்கள். அவள் தன் தப்பைச் சொல்லி முடித்ததும் ஆராய்ச்சியாளர் தானும் பேசினார்.

"ரெண்டு முனையிலயும் நீல மூடி இருந்ததைக் குழாயைத் திறந்த அன்னிக்கே பார்த்தேன், மேடம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கலை. அதையும் எழுதிக்குங்க."

அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். கண் கலங்கியதை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "குளிர் அறையில மொத்தம் எத்தனை குழாய்?"

"பத்தொன்பதும்மா."

"மத்ததெல்லாம் சரியா இருக்கா?"

"சரின்னுதான் நினைக்கிறேன். ஆனா அன்னிக்கும் அப்படித்தான் நினைச்சேன்."

"எல்லாத்தையும் பார்க்க எவ்வளவு நாள் ஆகும்?"

"மூணு மாசம்."

"இந்தத் தப்பு உங்க கோப்புல ஏறும். அதைத் தவிர்க்க முடியாது."

"ஏறட்டும்மா."

பேராசிரியை அடுக்கிலிருந்த கடிதத்தை உருவி, ஒருமுறை படித்து, கையெழுத்துப் போட்டார். "ஒரு வருஷம் நீட்டிச்சிருக்கு. முதல் மூணு மாசம் குழாய் மட்டும் பாருங்க." ஆராய்ச்சியாளர் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கிழமை ஒண்ணும் அனுப்ப வேண்டாம். உன் ஏரி சாதாரண ஏரிதான். உண்மையான சாதாரணம்னா எனக்கு அது போதும்," என்றார்.

மதியமே ஆறாவது குழாயை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். ஒரு முனையில் சிவப்பு மூடி பளிச்சென்று இருந்தது.

"அக்கா, இதான் மேல்பக்கம்?"

"மூடி அப்படித்தான் சொல்லுது," என்றபடி அவள் கத்தியை எடுத்தாள். "சேறு என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு எழுதுங்க, தம்பி."