தோள் உயரம்

இன்னைக்கு ஒரு தடவை எழுந்துடுங்கப்பா. அப்புறம் என்ன வேணா ஆகட்டும். அந்த நர்ஸ் பார்க்கும்போது, ஒரே ஒரு தடவை.

அப்படி நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்பா பக்கத்து நாற்காலியில் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்து வரவேற்பறையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கால் அவர் சொல்பேச்சுக் கேட்பதில்லை. எட்டு மாதமாகத் தம்பி வீட்டில்தான் இருக்கிறார். தம்பி பஸ் ஓட்டுகிறான். அவன் மனைவி மாமனாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவள், போன மாதம் அவரைத் தூக்கப்போய் மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறாள். இனிமேல் முடியாது என்று தம்பி சொன்னபோது அவன் குரலில் கோபம்கூட இல்லை.

இருந்தது இரண்டே இடங்கள். ஒன்று இந்தப் பெரிய இல்லம். மூன்று மாடி, நூற்றிருபது அறை, லிஃப்ட், நடைவழி முழுக்கக் கைப்பிடிக் கம்பி, கழிவறையில் இழுத்தால் மணியடிக்கும் சிவப்புக் கயிறு. ஆனால் நாற்காலியிலிருந்து தானாக எழுந்து நடக்கிறவர்களை மட்டும்தான் சேர்த்துக்கொள்வார்கள். மற்றது அவள் வேலை பார்க்கும் இடம். சாதாரண வீடு, ஆறு கட்டில், ஆறு பேர். படுத்த படுக்கையானாலும் எடுத்துக்கொள்வார்கள். பகலுக்கு அவள் ஒருத்தி, இரவுக்கு இன்னொருத்தி.

அப்பாவுக்காகக் கேட்டதும் அதை நடத்தும் அம்மாள் யோசிக்கவே இல்லை. ஜன்னலோரம் ஏழாவது கட்டிலைப் போட்டுவிடலாம் என்றாள். "உங்க அப்பாதானே, ராத்திரியும் நீயே இருந்துக்க. எதுக்கு இன்னொருத்தி? அவளை நிறுத்திடறேன்." பெரிய உதவி செய்கிற முகத்தோடுதான் சொன்னாள்.

இந்த வேலையில் பதினொரு வருடத்தில் அவளுடைய இடுப்பு போய்விட்டது. வேலைச் சட்டைக்கு மேல் கட்டியிருக்கும் இடுப்புப் பட்டை, அந்த வீட்டில் இறந்துபோன டீச்சரம்மா விட்டுச்சென்றது. அது இல்லாமல் குனிய முடியாது. ஏழு பேர், பகலும் இரவும். வேலை முடிந்து தன் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது என்று ஒன்று இனி இருக்காது.

தம்பி அவள் பக்கம் குனிந்தான். "அக்கா, நீ வாயைத் திறக்காத. பேச ஆரம்பிச்சா எல்லாத்தையும் புட்டுப்புட்டு வச்சிருவ."

"என்னடா ரகசியம்?" என்றார் அப்பா. "பொண்ணு பாக்க வந்த மாதிரியில்ல இருக்கு. பாட்டும் பாடிக் காட்டணுமா?"

"நடந்து காட்டினா போதும்ப்பா," என்றான் தம்பி.

நர்ஸ் வந்தாள். சின்னப் பெண். காலையிலிருந்து நான்காவது ஆள் என்று அவளே சொன்னாள். பெயர், கிழமை, பிள்ளைகள் எத்தனை பேர் எல்லாம் கேட்டாள். முப்பது வருடம் வெல்டராக இருந்த அப்பா ஒன்றுவிடாமல் பதில் சொல்லிவிட்டு, இந்த நாற்காலியைப் பற்றவைத்தவனுக்குக் கை நடுக்கம் இருந்திருக்கும் என்று விரலால் தடவிக் காட்டினார். நர்ஸ் சிரித்துவிட்டாள். பிறகு, எழுந்து கதவுவரை போய்த் திரும்பி வர வேண்டும், யாரும் தூக்கிவிடக் கூடாது என்றாள்.

அப்பா முன்னால் சாய்ந்தார். ஒன்று, இரண்டு. எழுந்துவிட்டார். நர்ஸின் கண் கைக்கடிகாரத்திலும் அவருடைய பாதங்களிலும் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலை இழுத்து இழுத்துக் கதவுவரை போனார், வந்தார், உட்கார்ந்தார். நர்ஸ் ஒரு கட்டத்தில் குறி போட்டாள்.

அவளுக்குள் எதுவோ இறங்கி லேசானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

நர்ஸ் படிவத்தைத் திருப்பி நீட்டினாள். 'உதவியின்றி எழுவார், இரவில் தானே கழிவறைக்குச் செல்வார்' என்ற வரிக்குக் கீழே பராமரிப்பாளர் கையெழுத்துக்கு இடம் இருந்தது. இந்த வேலையிலேயே இருப்பவள் என்பதால் அவள் போட்டால் போதுமாம்.

பேனாவோடு குனிந்தபோதுதான் பார்த்தாள். அவளுடைய சட்டையின் இடது தோள் கசங்கி, ஐந்து விரலும் அழுந்திய மடிப்பு இருந்தது. கழுத்துப்பட்டி ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. அவளுடைய இடது கால் இன்னமும் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால், முட்டி மடங்கி, ஓரமாக ஊன்றியபடி இருந்தது. காலையில் ஆறு கட்டிலுக்கும் முன்னால் நிற்கிற மாதிரியே. தூக்கவில்லை. வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றிருக்கிறாள். எழும்போது கை தேடுகிற இடத்துக்கு, அவள் தோளுக்கு, அவருடைய கையும் போயிருக்கிறது. அவரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

இந்த இல்லத்தில் அவள் முன்பு மூன்று மாதம் இரவு வேலைக்கு வந்திருக்கிறாள். ஒரு மாடிக்கு நாற்பது அறை, இரண்டு பெண்கள். ஒருநாள் சிவப்புக் கயிறை இழுத்த கிழவரிடம் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, அவர் டைல்ஸ் தரையில் குளிரில் நடுங்கிக் கிடந்தார். சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கச் சொன்னார்.

"போடுக்கா," என்றான் தம்பி மெதுவாக. விடிகாலை பஸ் எடுத்த கண் சிவந்திருந்தது. "எழுந்தாருல்ல. எல்லாரும் பார்த்தோமில்ல. இதைப் போட்டா நமக்கு விடிஞ்சிரும். உனக்கும்தான்."

எனக்கும்தான், என்று அவள் நினைத்தாள். பேனாவை மூடிப் படிவத்தின்மேல் வைத்தாள்.

"இன்னொரு தடவை பாருங்கம்மா. நான் தள்ளி நிக்கிறேன்."

"வேண்டாமே, நான் எழுதிட்டேனே," என்றாள் நர்ஸ்.

அதைக் கேட்காமல் அவள் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டாள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதற்கு மறுபடியும் என்று புரியாவிட்டாலும், நர்ஸ் சொன்னதும் அப்பா முன்னால் சாய்ந்தார். ஒன்று, இரண்டு. வலது கை எழுந்து, அவள் தோள் இருக்கும் உயரத்தில் காற்றில் நின்றது. கொஞ்சம் துழாவியது.

"எங்கம்மா போன?" என்றார். "கிட்ட வா."

அவள் இடுப்புப் பட்டையை இன்னும் ஒரு பிடி இறுக்கிக்கொண்டு, நர்ஸ் பார்த்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.