மூன்றாம் வரம்பின் சிவப்புத் துண்டு

சண்டை நிறுத்தம் என்று சொல்லி அது இரண்டாவது வருடம். உப்பளத்தில் ஆட்கள் சுமையோடு நடக்கும் மூன்றாம் வரம்பில் ஒரு நெடுங்கால் உள்ளான் நாலு முட்டை இட்டிருந்தது. அதைப் படம் பிடிக்கக் குறிஞ்சாக்கேணியிலிருந்து லாபிர் வந்திருந்தான். கலியாண வீட்டுப் படம், அடையாள அட்டைப் படம் எடுத்துப் பிழைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறவைப் பைத்தியம். உப்புச் சுமக்கும் கனகசபைதான் அவனுக்கு வழி காட்டினார்.

"அந்தப் புல்லைப் பிடுங்கி விடட்டோ தம்பி? முட்டை வடிவாத் தெரியும்."

"வேணாம் அண்ணன். காகத்துக்கும் வடிவாத் தெரியும். தாய் பத்து நிமிசம் எழும்பி நிண்டாலே இந்த வெயிலுக்கு முட்டை அவிஞ்சு போயிடும்."

லாபிர் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூரத்திலேயே குப்புறப் படுத்தான். ஐந்தாறு படம்தான். பறவை அசையவில்லை. போகும்போது, "நாளைக்கு ஆக்கள் மிதிச்சிராமப் பாத்துக்கங்க" என்றான்.

கனகசபை தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை இரண்டாகக் கிழித்தார். இரண்டு தடிகளில் கட்டி, முட்டைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகத் தள்ளி ஊன்றினார். வேறு எதையும் யோசிக்க உடம்பில் தெம்பில்லை. வீடு இருக்கும் அன்புவழிபுரம் வரைக்கும் சைக்கிள் மிதிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் வந்து பார்த்தால் வரம்பின் இரண்டு முனையிலும் கயிறு. காவலரணிலிருந்து ஆமிக்காரர் கண்டுவிட்டார்கள். தடியில் சிவப்புத் துணி என்றால் அந்த நாளில் ஒரே அர்த்தம்தான்: மிதிவெடி.

"வெடி எடுக்கிற ஆக்கள் வருமட்டும் ஒருத்தரும் கால் வைக்கப்படாது" என்றார் மேற்பார்வைக்கார இரத்தினசிங்கம்.

"எப்ப வருவினம்?"

"என்னைக் கேட்டா? சுத்திக் கொண்டு போங்கோ."

சுற்றுவதென்றால் வாய்க்கால் கடந்து மூன்று மடங்கு தூரம். தலையில் உப்புக் கடகம். கனகசபைக்கு முன்னால் போன தங்கேஸ்வரிக்கு ஒரு முழங்கால் ஏற்கெனவே வீக்கம்.

வாயைத் திறக்கலாம். திறந்தால், ஏன் கட்டினாய், கூட வந்தவன் ஆர், கமராவில் எதை எடுத்தான், காவலரணையா என்று கேள்வி வரும். திறக்காவிட்டால் முட்டை பொரிக்கும், ஒரு குருவிக்கும் தெரியாது. இரண்டு நாள் அப்படியே சுமந்தார்.

மூன்றாம் நாள் தங்கேஸ்வரி வாய்க்கால் கரையில் கடகத்தோடு குந்திவிட்டாள். "உதில வெடி வைச்சவன்ர கையில புழுப் பிடிக்க!"

கனகசபை தன் கடகத்தை இறக்கி வைத்தார். நேரே காவலரணுக்குப் போனார்.

"மாத்தயா, துணி கட்டினது நான். குருவி முட்டைக்கு. வெடி இல்லை."

ஆமிக்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "முட்டைக்கு? எப்பிடி நம்புறது?"

"நான் நடந்து காட்டுறன்."

லாபிரின் பெயர் அவர் வாயில் வரவில்லை.

தானே ஊன்றிய தடிதான். ஞாயிற்றுக்கிழமை தானே நடந்த வரம்புதான். ஆனாலும் கயிற்றைத் தாண்டியதும் உள்ளங்கால் கூசியது. மூன்று நாளாக எல்லாரும் வெடி, வெடி என்று சொன்னதில் அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஒவ்வோர் அடியாகத் தடவித் தடவி வைத்தார். நடுவில் தாய்ப்பறவை எழும்பித் தலைக்கு மேலே கத்தியது. உச்சி வெயில். பத்து நிமிசம் என்று லாபிர் சொன்னது நினைவு வந்தது. அதற்குப் பிறகு கனகசபை தடவவில்லை. முட்டையை மிதிக்காமல் விலகி, விறுவிறென்று மறுமுனைக்கு நடந்தார். அங்கே போய்த்தான் மூச்சு விட்டார்.

கயிறு அவிழ்ந்தது. தங்கேஸ்வரி கடகத்தோடு வந்து நின்றாள்.

"அப்ப புழு உங்கட கைக்கோ அண்ணை?"

"ஓம் தங்கச்சி."

"எங்க அந்த மகாராணிட முட்டை?"

காட்டினார். அவள் முட்டைக்குப் பத்தடி முன்னாலேயே வரம்பை விட்டுப் பாத்திக்குள் இறங்கினாள். வெடித்த குதிக்காலில் உப்புத் தண்ணீர் கடித்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இருபதடி நடந்து மறுபடி ஏறினாள். பின்னால் வந்தவர்களும் கனகசபையை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, ஒவ்வொருவராய் அதே இடத்தில் இறங்கினார்கள்.

கடைசிக் கடகம் அவருடையது. அவரும் இறங்கினார்.