இரண்டாம் பெஞ்சின் பிரஷர்

ரேவதியின் பெஞ்சில் பிரஷர் முள் இரண்டைத் தாண்டவில்லை. மூன்று காட்ட வேண்டும். கார் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவுக்குப் போகிற ஆயில் அந்த பிரஷரில் போனால்தான், நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுச் சுற்றுகிற தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு படலமாக நிற்கும். குறைந்தால் இரும்பும் இரும்பும் உரசும். அன்று காலையில் மட்டும் நான்கு டர்போக்கள் அவள் பெஞ்சிலேயே உரசிக் கெட்டுச் சிவப்புக் கூடைக்குப் போயிருந்தன.

கார்களிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பழைய டர்போக்களைச் சரிசெய்து அனுப்புகிற சின்னக் கம்பெனி அது, ஓசூர் சிப்காட்டின் பின்வரிசையில். பம்ப் ஒன்று, டர்போவை ஓட்டிச் சோதிக்கிற பெஞ்ச் இரண்டு. பம்பை ஒட்டி நாராயணப்பனின் பெஞ்ச். அதைத் தாண்டி, ஒரு ஃபில்டர் வழியாக, ஆயில் ரேவதியிடம் வரும். ஃபில்டர் அடைத்துக்கொண்டு ஒரு மாதமாகிறது. மாற்றுவதென்றால் லைனை அரை நாள் நிறுத்த வேண்டும்.

"உங்களுக்கு எவ்வளவுண்ணே காட்டுது?"

"எனக்கு மூணரை வருதும்மா. உன்னுது இன்னிக்கும் ஏறலையா?"

நாராயணப்பன் சூளகிரிப் பக்கம், தெலுங்கு பேசுகிற குடும்பம். விடியற்காலையில் தக்காளிக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் ஷிப்டுக்கு வருவார். ரேவதி விருதுநகரிலிருந்து வந்து இரண்டு வருஷம். ஓசூரில் அவள் மனம்விட்டுப் பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான்.

"கூடை ரொம்பிச்சுன்னா உன்னத்தான் கேப்பாங்க. புக்குல எழுதி வெச்சுடு" என்றார்.

எழுதினாள். 'பெஞ்ச் 2. பிரஷர் குறைவு. கூட்டித் தரவும்.' கீழே கையெழுத்து.

மத்தியானம் சூப்பர்வைசர் ஜெகதீஷ் ஸ்பேனரோடு வந்தான்.

"ஃபில்டரத்தான் சார் மாத்தணும்" என்றாள் ரேவதி.

"நாளைக்கு நாப்பது பீஸ் லோடு ஏறணும். லைனை எங்கம்மா நிறுத்தறது?"

பிரஷர் மீறினால் ஆயிலைத் தொட்டிக்கே திருப்பிவிடுகிற ரிலீஃப் வால்வு பம்பின் மேல் இருந்தது. அதை இரண்டு திருகு இறுக்கினான். ரேவதியின் முள் மெல்ல ஏறி மூன்றில் வந்து நின்றது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முதல் பெஞ்சின் முள் ஆறைத் தொட்டிருந்தது.

"சார், என்னுது ஓவரா காட்டுது. ஹோஸ் பைப் தாங்குமா?" என்றார் நாராயணப்பன்.

"உங்க வால்வைப் பாதி மூடிக்கிட்டு ஓட்டுங்க. ரெண்டு நாளைக்குத்தான்."

மூன்றாம் நாள் பதினொன்றே காலுக்கு, பம்பிலிருந்து அவர் பெஞ்சுக்கு வருகிற ஹோஸ் முனையோடு பிய்த்துக்கொண்டது. தொண்ணூறு டிகிரி ஆயில். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ரேவதி திரும்பியபோது அவர் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, வலது கையால் ஸ்டாப் பட்டனைத் துழாவிக்கொண்டிருந்தார். அவள் ஓடிப்போய் அழுத்தினாள். அவருக்குக் கழுத்திலிருந்து விரல் வரை வெந்து, சட்டை தோலோடு ஒட்டியிருந்தது.

மறுநாள் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஹெச்.ஆர். பார்க்கிற சுசித்ரா ஒரு தாளை நீட்டினாள். 'நாராயணப்பன் யாரையும் கேட்காமல் ரிலீஃப் வால்வை இறுக்கினார், நான் நேரில் பார்த்தேன்' என்று அதில் டைப் செய்திருந்தது.

"இல்ல மேடம். ஜெகதீஷ் சார்தான் இறுக்குனாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

சுசித்ரா கோபப்படவில்லை. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ரேவதி எழுதிவைத்திருந்த புக்கைப் பிரித்தாள்.

"இது உங்க சைன்தானே? பிரஷரைக் கூட்டச் சொன்னது நீங்க. நடந்ததை நடந்தபடி எழுதினா உங்க பேர்லருந்துதான் ஆரம்பிக்கணும். நான் மிரட்டறேன்னு நினைக்காதீங்க."

"ஃபில்டர மாத்தச் சொல்லித்தான் மேடம்..."

"அது இதுல இல்லையே."

ரேவதி அந்த வரியை மறுபடி படித்தாள். இல்லை.

"அவர் ட்ரீட்மென்ட்டை எப்படியும் கம்பெனி பாத்துக்கும். இது ஃபைலுக்கு."

 அடுத்த மாதம் அவள் கான்ட்ராக்ட் முடிகிறது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டால் தேவலை என்றிருந்தது. கேட்கக்கூடிய ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் மனைவி நாகம்மா ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வலது கை விரல்நுனி வரை கட்டுப் போட்டிருந்தது.

"பக்கத்து பெஞ்சுல இருந்தது நீதானாம்மா? இவரே வால்வத் திருப்பினாருன்னு கம்பெனில சொல்றாங்க. இவரு தொடவே இல்லைங்கறாரு. நீ பாத்தியா?"

 நாராயணப்பன் தெலுங்கில் ஏதோ சொல்லி மனைவியை அடக்கினார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"இப்ப பிரஷர் வருதாம்மா உனக்கு?"

"வருதுண்ணே."

"எவ்ளோ?"

"மூணு."

"ஃபில்டர் மாத்திட்டாங்களா?"

"அன்னைக்கே மாத்திட்டாகண்ணே."

"செரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது ஜெகதீஷ் உள்ளே வந்தான். கையில் ஆரஞ்சுப் பழப் பை, கக்கத்தில் ஃபைல். அவரை அண்ணா என்று கூப்பிட்டான். அன்றுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"இன்சூரன்ஸ் பேப்பருண்ணா. ஒரு சைன் மட்டும்."

"கை எங்க இருக்குது சைன் போட?" என்றாள் நாகம்மா.

"இடது கை ரேகை போதுங்க்கா."

மை டப்பாவும் கொண்டுவந்திருந்தான். மேலே இருந்த மூன்று தாள்களில் ரேகை வாங்கிவிட்டு அடியில் இருந்த நான்காவதை எடுத்தான். ரேவதிக்கு அது தெரிந்த தாள், சுசித்ரா நீட்டியது. பாதிக்குக் கீழே அவள் கையெழுத்து, அதற்கும் கீழே அவர் ஒப்புக்கொண்டதாக ரேகை வைக்கக் காலி இடம்.

படுக்கை விரிப்பின் மேல் தாள் வழுக்கியது.

"ரேவதி, இதைக் கொஞ்சம் நகராமப் புடிங்க."

அவள் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டாள். நாராயணப்பன் கண்ணைத் திறந்து, பிடித்திருப்பது யாரென்று பார்த்தார். எதுவும் கேட்காமல் விரலைத் தளர்த்திக் கொடுத்தார். ஜெகதீஷ் அதைப் பிடித்து அழுத்தினான். ரேகை, ரேவதி என்று எழுதியிருந்ததன் கடைசி எழுத்தின் மேல் பாதி ஏறி விழுந்தது.