காதில் சொன்ன பேர்

என் மதினியின் பேரை நான் வாயால் சொல்லக் கூடாது. புருஷனின் அக்கா பேரைச் சொன்னால் வாய் கோணிப்போகும் என்று சொல்லித்தான் என் அம்மா என்னைக் கட்டிக்கொடுத்தாள். ஏழு வருஷம் நானும் சொன்னதில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடும்போது மதினி பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றால், "மதினி, ஒங்களைத்தான்" என்று முழங்கையால் இடிப்பேனே தவிர, பேரைச் சொல்ல மாட்டேன். கடைசியில் அந்தப் பேரைத்தான் என் மகளுக்கு வைக்கப் பார்த்தார்கள்.

இது ஐம்பத்தொன்பதில், கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அறை அறையாகக் காம்பராக்கள் ஒட்டி நிற்கும் மேட்டு லயத்தில் நடந்தது. எனக்கும் என் வீட்டுக்காரர் வீரய்யாவுக்கும் ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லை. பத்தாம் நம்பர் மலைக்குப் போகிற வழியில் ஒரு புற்று உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பால் ஊற்றினேன். பெண் பிறந்தால் நாகம் என்று தொடங்குகிற பேரையே வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நாகலெட்சுமி என்று அப்போதே மனசுக்குள் முடிவும் செய்துவிட்டேன். பேரைச் சொல்லிப் பார்த்தாலே எனக்கு வாய் இனித்தது.

பெண்தான் பிறந்தது. ஆனால் வேண்டுதல் வைத்த அவசரத்தில் ஒன்றை மறந்துபோனேன். எங்களுக்கு அடுத்த காம்பராவிலேயே ஒரு நாகம்மா குடியிருந்தார். அவர்தான் என் மதினி. இப்போது மட்டும் எப்படிப் பேரைச் சொல்கிறாய் என்று கேட்காதீர்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

மதினி கெட்டவர் இல்லை. தாய் செத்தபோது கைப்பிள்ளையாக இருந்த என் வீட்டுக்காரரைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அவருக்கென்று பிள்ளை இல்லை, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குப் பிள்ளை பிறந்த அன்றிலிருந்து பூண்டுக் குழம்பும் கருவாடும் அவர் கையால்தான் வந்தது. ஆனால் குழம்போடு அதிகாரமும் சேர்ந்தே வரும். குழந்தையை இப்படிப் பிடி, அப்படிப் பிடிக்காதே, காற்றில் காட்டாதே என்று விடியும்போது தொடங்கினால் அடங்கும்போதுதான் ஓய்வார்.

அஞ்சாம் நாள், பாதி லயமும் பிள்ளை பார்க்க வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மதினி பேர் விஷயத்தை எடுத்தார்.

"நாகம்னுதானே வேண்டிக்கிட்டா? எல்லாம் காரணமாத்தான். என் பேரையே பிள்ளைக்கு வச்சிருவோம்."

எனக்குத் திக்கென்றது. "நாகலெட்சுமின்னு நெனச்சிருக்கேன் மதினி. அதுவும் கிட்டத்தட்ட ஒங்க பேருதான்."

"கிட்டத்தட்ட எதுக்குடி? முழுசா என் பேரே இருக்கே!"

"அப்ப நான் பிள்ளையை எப்படிக் கூப்பிடுறது மதினி?"

"நீ பாப்பான்னு கூப்பிடு. பேர் சொல்லிக் கூப்பிட நான் இருக்கேன்ல. நாளையில இருந்தே அவளுக்கு அந்தப் பேருதான். முப்பதாம் நாள் காதுல சொல்றது சும்மா சடங்குக்கு."

பிள்ளையின் காதில் பேர் சொல்வது அத்தையின் உரிமை. அதை யாரும் மறுக்க முடியாது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரைத் தகரத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு, "அக்கா சொன்னா சரிதான்" என்றார்.

எல்லாரும் போனபிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஆறு வருஷம் தவம் கிடந்து பெற்ற பிள்ளையை வாய் நிறையப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே! ஊரெல்லாம் கூப்பிடும், பெற்றவள் மட்டும் "ஏய், இந்தா" என்று காலம் தள்ள வேண்டும். இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளை ஒரே மூச்சில் மூன்று துணிகளை நாசம் செய்தாள். நாலாவது துணியை மாற்றும்போது என் வாயில் சனி பகவான் வந்து உட்கார்ந்தார்.

"அடியே நாகம்மா! ஒனக்கு ஒரு அளவே இல்லையாடி?"

சொல்லிவிட்டு வாயைத் தடவிப் பார்த்தேன். கோணவில்லை. லயத்துச் சுவர் கூரைவரை போகாது. இந்தக் காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் நூறு ஆயுசு சொல்வார்கள். அங்கே சட்டிபானை உருட்டிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"விடிஞ்சதும் கத்த ஆரம்பிச்சிருவா இந்த நாகம்மா. பல்லு ஒண்ணு இல்ல, வாயைப் பாரு!"

கொஞ்ச நேரத்தில் மதினி வாசலில் நின்றார். "யாரைடி வையிற?"

"பிள்ளையைத்தான் மதினி."

"பிள்ளைக்கு இன்னும் பேரே வைக்கலையேடி!"

"நாளையில இருந்தே அந்தப் பேருதான்னு நீங்கதானே நாலு பேருக்கு முன்னால சொன்னீங்க? பெரியவங்க வாக்கை நான் தட்டலாமா?"

மதினி முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார். நான் பிள்ளையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன்.

அதற்குப்பிறகு என்னை யாரால் நிறுத்த முடியும்? ஏழு வருஷத்துப் பாக்கி அல்லவா! நாகம்மா, பாலைக் கக்காதே. நாகம்மா, மூஞ்சியைத் தூக்காதே. நாகம்மாவுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. எல்லாம் பிள்ளைக்குத்தான், நான் வேறு யாரைச் சொன்னேன்? நாலாவது காம்பரா பேச்சியம்மா கேட்டுக் கேட்டுச் சிரித்து, ஒரு வார்த்தை விடாமல் தண்ணீர்ப் பீலிக்குக் கொண்டுபோனாள். தண்ணீர் பிடிக்கப் போன மதினியிடம், "நாகம்மாவுக்கு வயித்தால போனது நின்னுருச்சா?" என்று ஒருத்தி கேட்டாளாம். பெரட்டில் கணக்கப்பிள்ளை அந்தப் பேரைக் கூப்பிட்டால் கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்களாம்.

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "வாய் கோணப்போவுது பாரு."

"பெத்த பிள்ளையைக் கூப்பிட்டா கோணுமாங்க?" என்றேன். அவர் மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

இப்படியே முப்பதாம் நாளும் வந்தது. மதினி தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கினார். என் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு ஆடியும் இவர் பிடிவாதமாக நின்றுவிட்டால் என் பிள்ளைக்கு ஆயுசுக்கும் அந்தப் பேர்தான். ஒரு மாசம் விளையாட்டுக்கு வைததெல்லாம் எனக்கே வினையாக முடியும்.

மதினி ஒரு வெற்றிலையைப் பிள்ளையின் காதோரம் குவித்துப் பிடித்தார். குனிந்து மூன்று தடவை சொன்னார். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. பிறகு நிமிர்ந்து சபையைப் பார்த்தார்.

"நாகலெட்சுமி! இந்தக் காலத்துப் பேரா இருக்கட்டும்னு நான்தான் முடிவு பண்ணுனேன்."

"எல்லாம் ஒங்க இஷ்டம் மதினி" என்று நான் பவ்யமாகச் சொன்னேன். பேச்சியம்மாவுக்குப் புரையேறியது.

அன்றிலிருந்து நாகலெட்சுமி, நாகலெட்சுமி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டும் எனக்கு அலுக்கவில்லை. மதினியின் பேரை மறுபடி வாயில் எடுக்கவும் இல்லை. வேலைக்குப் போகும்போது பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவேன். சாயங்காலம் நான் சமைக்கும்போது அவள் அத்தை வீட்டில் இருப்பாள். ஜெயித்தவள் நான்தான் என்று இரண்டரை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பெரட்டு நேரமாகிவிட்டதால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே களத்துக்கு ஓடினேன். கணக்கப்பிள்ளை வரிசையாகப் பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

"நாகம்மா!"

மதினி வாயைத் திறக்குமுன், என் இடுப்பிலிருந்து, "இக்கேங்கய்யா!" என்று ஒரு குரல் கிளம்பியது.

களமே சிரித்தது. கணக்கப்பிள்ளைகூட பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். நான் மதினியைப் பார்த்தேன். அவர் ரொம்பக் கவனமாகத் தன் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறும்போது அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன மதினி இது?"

"என்னடி எது?"

"அந்தப் பேரைக் கூப்பிட்டா பிள்ளை ஏன் பதில் சொல்றா?"

மதினி நடந்துகொண்டே சொன்னார்: "அன்னைக்கு அவ காதுல மூணு தடவை சொன்னேன்ல. மூணையும் நீ கேட்டியா?"

"வெத்தலையை வச்சு மறைச்சீங்களே, எங்க கேட்டுச்சு?"

"ரெண்டு தடவை நீ ஆசைப்பட்ட பேரு. நடுவுல ஒண்ணு என் பேரு."

எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. இரண்டரை வருஷம் பக்கத்துக் காம்பராவில் வைத்து, ரகசியமாகக் கூப்பிட்டுப் பழக்கியிருக்கிறார்! நான் பேச ஆரம்பிக்குமுன் அவரே நின்றார்.

"என்னை என்ன பண்ணச் சொல்ற? அக்கா, மதினி, அத்தைன்னு எல்லாரும் முறைதான் சொல்றீங்க. என் பேரைச் சொல்ல யாரு இருக்கா? காலையில கணக்கப்பிள்ளை ஒரு தடவை கூப்பிடுறதோட சரி. அந்த ஒரு மாசம் நீ வஞ்சியே, அப்பத்தான் நாள் முழுக்க என் பேரு காதுல விழுந்துச்சு. ஆத்திரமாத்தான் இருந்துச்சு. ஆனா நீ நிறுத்துனதும் வீடே வெறிச்சுன்னு போச்சுடி."

அன்றைக்கு முழுக்க எனக்குக் கொழுந்து எடுக்கக் கை ஓடவில்லை.

சாயங்காலம் ரொட்டிக்கு வைத்திருந்த மாவையெல்லாம் என் மகள் தலையில் கொட்டிக்கொண்டு நின்றாள். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, லயத்துக்கே கேட்கும்படி கத்தினேன்.

"அடி நாகம்மா!"

"என்ன?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு குரலும் அந்தப் பக்கமிருந்து ஒரு குரலும் கேட்டன. அதற்குப்பிறகு தினமும் கூப்பிடுகிறேன். என் வாய் இன்றுவரை கோணவில்லை.