இருபத்து மூன்றாம் பிரதி

மிசஸ் வோல்க் வரிசையாகப் புத்தகம் கொடுத்துக்கொண்டே வந்தார். இருபத்தொன்று கோல்பிக்கு. இருபத்திரண்டு டெசாவுக்கு. அடுத்தது லிடா. அவள் மேஜையில் வைத்த பிரதியின் முதுகில் இருபத்து நான்கு என்று ஒட்டியிருந்தது.

லிடா எண்ணைப் பார்த்தாள், பிறகு ஆசிரியையைப் பார்த்தாள். அவர் அதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார், கொஞ்சம் அவசரமாகவே.

பிப்ரவரி வந்தால் ஒன்பதாம் வகுப்புக்கு அந்த நாடகம்தான். பகைத்த இரண்டு குடும்பங்கள், இரண்டு பிள்ளைகள், ஒரு காதல், கடைசியில் கல்லறைக்குள் இரண்டு பிணங்கள். முடிவு தெரிந்தே நானூறு வருஷமாக ஊர் உலகமெல்லாம் அதைப் படிக்கிறது. நெப்ராஸ்காவில், சுற்றிலும் சோளக்காடு சூழ்ந்த அந்தப் பள்ளிக்கூடம் மட்டும் தப்புமா? புத்தகங்கள் பள்ளிக்குச் சொந்தம். அட்டையின் உட்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் படிக்கிறவர் பெயர், வருஷம், புத்தகத்தின் நிலை என்று மூன்று கட்டம். நிலை என்றால் நல்லது, சுமார், மோசம், இவற்றில் ஒன்று. வருஷா வருஷம் அதே பிரதிகள், அதே மிசஸ் வோல்க்.

இருபத்து மூன்று எம்மெட் படித்த பிரதி. லிடாவின் அண்ணன். பள்ளி அணியில் அவன் சட்டை எண்ணும் அதுதான் என்பதால், மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு பையனிடம் கெஞ்சி மாற்றி வாங்கிக்கொண்டான். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது பெருமையாகச் சொன்னான்.

"அஞ்சாம் அங்கத்துப் பக்க ஓரத்துல என் கல்லறைய நானே கட்டிட்டேன். எழுத்து எல்லாம் வெட்டி, ஜோரா."

"என்னடா எழுதின?" என்று கேட்டாள் லிடா. அப்போது அவளுக்குப் பதினொன்று.

"சொல்ல மாட்டேன். நீ ஒன்பதாவது வர்றப்ப பாத்துக்க. ஆனா ஃபெயிலாகாம வந்து சேரணும்டி, அதான் கஷ்டம்."

"போடா."

போன அக்டோபரில் சரளைச் சாலைத் திருப்பத்தில் எம்மெட்டின் வண்டி கவிழ்ந்தது. பதினேழு வயது. குடிக்கவில்லை, வேகமாகப் போகவில்லை. குறுக்கே மான் வந்தது. திட்டித் தீர்க்கலாம் என்றால் ஒரு மனிதன் வேண்டுமே, மானை யார் திட்டுவது?

அன்றிலிருந்து லிடாவுக்கு எல்லாம் மரத்துப் போயிற்று. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான். இறுதிச் சடங்கில் அவள் அழவில்லை. ஊர்க்காரர்கள் கொண்டுவந்த பண்டங்களைச் சாப்பிட்டாள், ருசி தெரியவில்லை. அந்தக் கண்ணாடிப் பாத்திரங்கள், அடியில் பெயரெழுதிய பட்டி ஒட்டினபடி, இன்னும் சமையலறையில் அடுக்கிக் கிடந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அவரவர் வாசலில் நின்று பேச வேண்டும். அந்தத் தைரியம் வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

உணர்ச்சி செத்த அந்த நாட்களிலும் அவளுக்கு ஒரே ஒரு ஆசை மட்டும் பாக்கியிருந்தது. அவன் என்ன எழுதினான் என்று பார்க்க வேண்டும்.

அந்தப் பிரதி எங்கே போயிருக்கும் என்று யோசித்தாள். புத்தக அறை அவளுக்கு அத்துப்படி. உறுதிபூசுதல் என்ற திருச்சபைச் சடங்குக்குத் தயாராகிற பிள்ளைகள் இருபது மணி நேரம் ஊருக்கு உழைக்க வேண்டும் என்பது கோவில் கட்டளை. முதியோர் இல்லத்தில் தரை துடைப்பதைவிட இது மேல் என்று, போன மே மாதம் லிடா அந்த இருபது மணி நேரத்தையும் புத்தக அறையில் கழித்தாள். ஒவ்வொரு புத்தகமாகச் சுத்தம் செய்து அடுக்கிய அலமாரி அது. மதிய இடைவேளையில் போய்ப் பார்த்தாள். இருபத்து மூன்று அங்கே இல்லை.

வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் தொங்கியது. கல்லறைக்கல் செய்கிறவர்கள் அனுப்பியது. நிலம் உறைந்து கிடந்ததால் ஏப்ரலில்தான் கல் நட முடியும். முன்பக்கம் என்ற இடத்தில் பெயரையும் தேதிகளையும் அம்மா எழுதியிருந்தாள். பின்பக்கம், விரும்பிய வாசகம் என்ற இடம் நாலு மாதமாகக் காலியாக இருந்தது. அப்பா அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. விதைக் கிடங்கிலிருந்து வந்தால் டிவி முன்னால், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

முன்பெல்லாம் அந்த வீட்டில் காலை என்றாலே யுத்தம். மாடிப்படி அடியில் நின்று அம்மா, "எம்மெட்! எம்மெட்!" என்று ஐந்து தடவையாவது கத்துவாள். ஐந்தாவது கத்தலில்தான் அவன் கால் தரையில் படும். இப்போது காலையில் காப்பி இயந்திரம் கொதிக்கிற சத்தம் மட்டும்தான்.

நாடகம் தொடங்கிய வாரமே பள்ளியிலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் கடிதம் வந்தது. கடைசி அங்கத்தில் இளம்பிள்ளைகளின் சாவு வருகிறது, வேண்டாமென்றால் கையெழுத்துப் போடுங்கள், அன்றைக்குப் பிள்ளை நூலகத்தில் உட்காரலாம் என்று. அம்மா நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

"எதுக்கும்மா? எனக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் லிடா.

"அதான் பயமா இருக்கு," என்றாள் அம்மா.

மிசஸ் வோல்க் வகுப்பில் நாடகத்தைப் பிள்ளைகளையே படிக்க வைப்பார். காதலன், காதலி, பாதிரியார், செவிலி என்று எழுதிய அட்டைகள் கயிற்றில் கோத்து வைத்திருப்பார். எந்த அட்டை யார் கழுத்தில் விழுகிறதோ அன்றைக்கு அவர்தான் அந்தப் பாத்திரம். ஒன்பது நாள் படித்தார்கள். லிடாவின் கழுத்தில் ஒன்றுகூட விழவில்லை. "நீ சும்மா கேளு கண்ணு, போதும்," என்பார் மிசஸ் வோல்க், காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுகிற குரலில். நல்ல மனுஷிதான். ஆனால் ஒன்பது நாளும் ஒருத்தியை மட்டும் தாண்டிப் போனால், அந்தக் கரிசனமே நெற்றியில் ஒட்டிய அட்டையாகிவிடும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் செவிலி அட்டை கோல்பிக்கு. மல்யுத்த அணிப் பையன், தடித்த கழுத்து.

"டேய், கிழவி மாதிரி படிடா," என்றாள் டெசா. "ட்ராக்டர் விக்கிறவன் மாதிரி படிக்கிற!"

"நான் என்ன எம்மெட்டா?" என்றான் கோல்பி. "அவன் செவிலியா ஒப்பாரி வெச்சப்ப மிசஸ் வோல்க்கே சிரிச்சுச் சிரிச்சு அழுதுட்டாங்களாம், எங்க அண்ணன்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டான். வகுப்பு முழுதும் லிடா பக்கம் திரும்பிவிட்டு, உடனே புத்தகத்துக்குள் குனிந்தது. கோல்பியின் காதுகள் சிவந்துபோயின. லிடா அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கயிறு பச்சை, ஒன்று வெள்ளை. வேறொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

கடைசி அங்கத்துக்கான நாள் வந்தது. நூலகத்துக்குப் போக அனுமதிச் சீட்டை நீட்டினார் மிசஸ் வோல்க். லிடா வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"மிசஸ் வோல்க், இருபத்து மூணு எங்க?"

"எந்த இருபத்து மூணு, கண்ணு?"

"உங்களுக்குத் தெரியும்."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்தார். கடுதாசிகளுக்கு அடியில் அது இருந்தது.

"உள்ள அவன் பேரு இருக்கு. நீ திடுதிப்புனு பாத்துடக் கூடாதேன்னு எடுத்து வெச்சேன். தப்பாப் போச்சா?"

"எனக்கு அது வேணும்."

"உங்கம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்களேம்மா."

"அம்மா கையெழுத்துப் போட்டது நாடகம் வேணாம்னு. புத்தகம் வேணாம்னு இல்ல."

மிசஸ் வோல்க் புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். "உள்ள ஒண்ணும் இல்ல கண்ணு," என்றார் மெதுவாக. "நானும் தேடிப் பாத்தேன். அவன் கிறுக்காம இருந்த ஒரே புத்தகம் இதுவாத்தான் இருக்கும்."

லிடா அதை நம்பவில்லை. நூலகத்தின் மூலையில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தாள். அட்டையைத் திறந்தாள். சீட்டில் நீல மையில், எம்மெட் குச்செரா. நிலை என்ற கட்டத்தில், மற்றவர்கள் நல்லது, சுமார் என்று எழுதிய இடத்தில், 'என்னைவிடத் தேவலை.' அவன் எழுத்துதான். ஐந்தாம் அங்கத்துக்குப் புரட்டினாள். கல்லறைக் காட்சி. ஓரம் முழுக்க வெள்ளையாக இருந்தது. முன்னும் பின்னும் புரட்டினாள். வேறு பக்கங்களும் வெள்ளைதான். தையல் இடுக்கில் மட்டும் ரப்பர்த் தூள், இளஞ்சிவப்பாக, கொஞ்சம் திரண்டு கிடந்தது.

அந்த நிறம் அவளுக்குத் தெரியும். இளஞ்சிவப்பு ரப்பர், ஒரு பெட்டி நிறைய. மே மாதம். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்தைப் பார்க்காமலே, பென்சில் கோடு கண்ட இடமெல்லாம் பரபரவென்று அவள் தேய்த்துத் தள்ளிய இருபது மணி நேரம். நூற்றைம்பது புத்தகமாவது இருக்கும். அதில் இதுவும் ஒன்று. அப்போது எம்மெட் உயிரோடு இருந்தான், அவன் கிறுக்கல் வீடெல்லாம் இறைந்து கிடந்தது, யார் அதை நின்று பார்த்தார்கள்? அன்று சாயங்காலம் கை வலிக்கிறது என்று அவனிடமே புலம்பினாள். "புண்ணியம் சேருதுல்ல, தேய்," என்று அவள் தட்டிலிருந்த கோழித்துண்டை எடுத்துக்கொண்டு போனான்.

அந்தக் கல்லறை அப்போது அவனுக்கும் நினைவு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

லிடா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வகுப்பில் சாகிறவர்கள் சாகட்டும். அவளுக்கு அழுகை வரும் என்று தோன்றியது, வரவில்லை. வெறுமனே அந்தக் காலி ஓரத்தை விரலால் தடவினாள். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே.

விரலுக்குக் கீழே ஏதோ நெருடியது.

எம்மெட் பென்சிலை மெதுவாகப் பிடிக்கத் தெரியாதவன். காகிதத்தில் ஏர் ஓட்டுகிற பிடி. ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால், அம்மா கிழித்துக்கொண்டு போன பரிசுப் பட்டியலை அடுத்த தாளில் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தே கண்டுபிடித்து, இரண்டு பேரும் மாட்டிக்கொண்டது லிடாவுக்கு நினைவு வந்தது. பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். சாய்த்துப் பிடித்து, மூச்சைக்கூட விடாமல், லேசாக லேசாகத் தேய்த்தாள். சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து வெள்ளைக் கோடுகள் வந்தன. வளைந்த தலையோடு ஒரு கல். கல்லுக்குள் எழுத்து.

'இங்கே தூங்குவது எம்மெட் குச்செரா. ஐந்தாம் பீரியடில் போரடித்துச் செத்தான். சில்லி போடும் நாளில் மட்டும் எழுப்பவும்.'

வியாழக்கிழமை தோறும் பள்ளியில் மதியம் சில்லி. இறைச்சியும் பயறும் போட்ட காரக் குழம்பு, கூடவே பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டி. ஊரில் பாதிப் பேர் அந்த ஜோடிக்காகவே படித்து முடித்தவர்கள். எம்மெட் இரண்டு தட்டு வாங்குவான்.

கல்லுக்குக் கீழே இன்னும் ஒரு வரி சின்னதாக இருந்தது. தேய்த்தாள். 'லிடா, வந்துட்டியா? ஃபெயிலாகாம...' அதற்கு மேல் வரவில்லை. அந்த இடத்தில் ரப்பர் ஆழமாகவே தேய்ந்திருந்தது. நல்ல பிள்ளையாக, அழுத்தித் தேய்த்திருக்கிறாள். மறுபடி மறுபடி பென்சிலை ஓட்டினாள். அந்த மூலை கறுப்பானதுதான் மிச்சம்.

மாலையில் முதியோர் இல்லத்து வேலைச் சீருடையோடு அம்மா உள்ளே வந்தபோது, புத்தகம் சமையலறை மேஜையில், விளக்குக்கு நேர் கீழே விரித்திருந்தது.

"என்ன இது, அழுக்கா?"

"எம்மெட் எழுதினதும்மா. அவனோட கல்லுக்கு."

அம்மா கோட்டுகூடக் கழற்றாமல் குனிந்தாள். உதடு அசையப் படித்தாள்.

"நான்தாம்மா அழிச்சேன். மே மாசம். தெரியாம அழிச்சுட்டேன். கடைசி வரி வரவே மாட்டேங்குது."

அம்மா லிடாவின் கறுத்த விரலைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். பிறகு குளிர்பதனப் பெட்டியின் கதவிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து உட்கார்ந்தாள். பின்பக்கம் என்ற இடத்தில், புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கடைசி வார்த்தையில் பேனா நின்றுவிட்டது.

"எழுப்பவும்னு எழுதியிருக்கான்," என்றாள்.

"ஆமாம்மா."

"ஒரு தடவ கூப்பிட்டா எந்திரிக்கிற பையனா அவன்?"

சொல்லிவிட்டு அம்மா மாடிப்படியைப் பார்த்தாள். கூடத்தில் டிவி அணைந்தது. அப்பா எழுந்து வந்து சமையலறை வாசற்படியில் நின்றார்.

"அஞ்சு தடவ கூப்பிடணும்," என்றாள் லிடா. அந்தக் குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. கையை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். நனைந்திருந்தது.