கூட்டும் மெஷினுக்கு ஒரு குடும்பம்

அந்தத் தொழிற்சாலைக்குள் ஒரு வீடு இருந்தது. சோபா, சாப்பாட்டு மேஜை, அதைச் சுற்றி நாற்காலிகள், கட்டில், கட்டிலுக்கடியில் ஒற்றைச் செருப்பு, மூலையில் உயரமான ஒரு விளக்கு, தரையில் பூப்போட்ட கம்பளம் என்று எல்லாம் உண்டு. சுவர் மட்டும் இடுப்பளவு. கூரை கிடையாது. அதில் யாரும் குடியிருக்கவில்லை. அது மெஷினுக்காகக் கட்டிய வீடு.

அங்கே செய்தது தானாக வீடு கூட்டும் மெஷின். சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, நாலு விரல் உயரத்தில் இருக்கும். தலைமேல் ஒரு சின்னக் கொண்டை சுற்றிக்கொண்டே நாலாபக்கமும் ஒளியை வீசும். சுவரில் பட்ட ஒளி திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, சுவர் எவ்வளவு தூரம் என்று மெஷின் கணக்குப் போட்டுக்கொள்ளும். வயிற்றுக்கு அடியிலும் கண்கள் உண்டு. அவை தரையைப் பார்த்து ஒளி வீசும். ஒளி திரும்பி வரவில்லையென்றால் அங்கே தரையே இல்லை, மாடிப்படி என்று புரிந்துகொண்டு பின்வாங்கும். குடிபோதையில் வருகிறவருக்கு இல்லாத நிதானம் அதற்கு உண்டு.

இப்படி ஒரு மெஷின் பெல்ட்டில் ஊர்ந்து வரும்போதே ஆளாகும். முதலாமவர் சக்கரம் வைப்பார், அடுத்தவர் சர்க்யூட் பலகை வைப்பார், அதற்கடுத்து ஒரு பெண் பிரஷ் மாட்டுவாள். அவளைப் பிரஷ்காரி என்பார்கள். கடைசியில் அடிமூடியைப் போட்டுத் திருகாணி முடுக்குகிறவர் திருகு அக்கா.

திருகு அக்காவின் ஸ்க்ரூடிரைவர் மேலேயிருந்து ஸ்ப்ரிங் கயிற்றில் தொங்கும். இழுத்து, திருகாணியில் வைத்து, அழுத்தினால் சுற்றும். வேண்டிய அளவு இறுகியதும் ‘டக்’ என்று சொல்லித் தானாக விட்டுவிடும். அதற்குமேல் முடுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். குறைவாக முடுக்கினால் மெஷின் ஓடும்போது கடகடக்கும். அந்த ‘டக்’ சத்தத்தில் அக்காவுக்கு ஒரு தனி இன்பம். சமையலறையில் டப்பாவை மூடும்போதுகூட வாயால் ‘டக்’ என்று சொல்லுவாள்.

எல்லாம் சரி, பெல்ட்டை ஒட்டி இவர்கள் வரிசையாக நிற்கும் அந்த லைனில் நாற்காலி இல்லை. எப்போதோ ஒரு நிபுணர் வந்து, நின்று வேலை செய்தால் கை வேகமாக ஓடும், உட்கார்ந்தால் ஆள் மந்தமாகிவிடுவார் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை விளக்க அவருக்கு அரை நாள் பிடித்தது. அரை நாளும் அவர் உட்கார்ந்தே விளக்கினார்.

திருகு அக்காவின் கணவர் பஸ் டிரைவர். வீட்டுக்கு வந்தால் சுவரில் சாய்ந்து நின்றபடிதான் சாப்பிடுவார்.

“உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பே விட்டுப்போச்சு” என்பார்.

“உங்களுக்கு வந்த வியாதி எனக்கு வரக்கூடாதா?” என்று அக்கா காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொள்வாள். “ஒரு நாளைக்கு மாத்திக்கலாம். நீங்க போய் என் இடத்துல நில்லுங்க.”

“நீ பஸ் ஓட்டுவியா?”

“ஓட்டிடுவேன். நீங்கதான் திருகாணியை ஓட்டைக்குள்ள வைக்க மாட்டீங்க. ஊசியில நூல் கோர்க்கச் சொன்னாலே தெருவில போறவனைக் கூப்பிடற ஆளு.”

சிரிப்பு இருந்தாலும் கால் சிரிக்கவில்லை. நரம்பு புடைத்து, சாயங்காலத்தில் செருப்பே நுழையாமல் வீங்கியது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, “உட்கார்ந்து பாக்கற வேலையா மாத்திக்கோங்கம்மா. இல்லன்னா வேலையை விட்டுடுங்க” என்றார். வேலையை விடுவதா? இரண்டு பேர் சம்பாத்தியத்தில் ஓடுகிற வீடு. அதோடு, வீட்டில் இருந்தால் ‘டக்’ எங்கே கேட்கும்?

மறுநாளே சூப்பர்வைசரிடம் போனாள். பெல்ட் ஒரு நொடி நின்றாலும் “ஓடட்டும், ஓடட்டும்!” என்று கத்துவதால் அவருக்கு ஓடட்டும் சார் என்று பெயர்.

“சார், எனக்கு ஒரே ஒரு ஸ்டூல் போதும்.”

“உங்களுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா.”

“எல்லாருக்கும் கால் இருக்கு. கேக்கத்தான் செய்வாங்க.”

“எனக்கும்தான் கால் இருக்கு. நான் உட்கார்றனா?” உண்மைதான். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. யாராவது சும்மா இருப்பதைப் பார்த்தால் அவருக்கு உடம்பில் அரிப்பெடுக்கும். “இந்த மாசம் முடியட்டும். நிக்க முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் போட்டுக்கறேன்.”

“வேற ஆளுக்கு மட்டும் கால் இரும்புலயா இருக்கும்?” என்று பிரஷ்காரி பெல்ட்டைப் பார்த்தபடியே கேட்டாள். “என்னது?” என்றார் ஓடட்டும் சார். “பிரஷ்ஷைச் சொன்னேன் சார். முள்ளு கொஞ்சம் இரும்பு மாதிரி இருக்கு.”

அந்த வாரம்தான் வாங்கினவர்களிடமிருந்து ஒரு புகார் வந்தது. மெஷின் எல்லாம் ஒழுங்காகக் கூட்டுகிறது, ஆனால் சோபாவில் ஆள் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடுகிறது.

காரணத்தை இன்ஜினியர் கண்டுபிடித்தாள். சின்ன வயசுக்காரி. லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி முழங்கையில் ஏந்திக்கொண்டே நடப்பாள். மெஷின் வந்ததும் மனிதர்கள் என்ன செய்வார்கள்? காலைத் தூக்குவார்கள். மெஷின் முதலில் காலைப் பார்த்து, ‘இங்கே தூண் இருக்கிறது’ என்று குறித்துக்கொள்ளும். மறுகணம் தூணைக் காணோம். சரியென்று முன்னேறும். அதற்குள் கால் கீழே இறங்கும். மறுபடி தூண்! நடமாடும் தூண்கள் உள்ள வீட்டை அது எங்கே பார்த்தது? அதற்குத் தெரிந்ததெல்லாம் தொழிற்சாலைக்குள் அதை ஓட்டிப் பழக்கிய, ஆளில்லாத அந்த ஒரு வீடுதான்.

“சோபாவில ஒரு ஆள் வேணும்” என்றாள் இன்ஜினியர். “சும்மா உட்கார்ந்து, மெஷின் வந்தா காலைத் தூக்கணும். அது திரும்பத் திரும்பப் பார்த்துக் கத்துக்கும். கத்துக்கறவரைக்கும் ஒரு பெட்டிகூட வெளியே அனுப்பக்கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க.”

லைனில் இருந்த அத்தனை கைகளும் உயர்ந்தன. ஓடட்டும் சார் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். லைன் ஆளைத் தர மனமில்லாமல் வாசல் காவலாளியை அனுப்பினார். காவலாளி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். மெஷின் அவர் காலைச் சுற்றி அழகாகக் கூட்டிவிட்டுப் போனது. அடுத்து ஸ்டோர்கீப்பரை அனுப்பினார். அவர் மெஷினைக் கண்டதும் இரண்டு காலையும் சோபாமேல் வைத்துக்கொண்டு, “போ, போ” என்று விரட்டினார். இறங்கி வரவே இல்லை.

“இயல்பா தூக்கணும் சார்” என்று கெஞ்சினாள் இன்ஜினியர். “வீட்டில இருக்கற மாதிரி.”

“நான் போறேன்” என்று திருகு அக்கா கையில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றினாள்.

ஓடட்டும் சார் வாயைத் திறப்பதற்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். சோபா ‘புஸ்’ என்றது. அக்காவும் ‘புஸ்’ என்றாள். உள்ளங்காலிலிருந்து தலைவரைக்கும் ஏதோ ஒன்று இறங்கி வெளியே போன மாதிரி இருந்தது. மெஷின் வந்தது, தூக்கினாள். போனது, இறக்கினாள். இன்ஜினியர் திரையைப் பார்த்து, “அருமை அக்கா! பிறவித் திறமை!” என்றாள். காலைத் தூக்குவதற்காக அக்காவை யாரும் அதுவரை பாராட்டியதில்லை.

ஓடட்டும் சாரால் பத்து நிமிஷம் பொறுக்க முடிந்தது. லைனிலிருந்து பார்த்தால் சோபா நன்றாகத் தெரியும். ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், கை இரண்டும் மடியில் சும்மா கிடக்கின்றன. அவருக்குக் கழுத்தெல்லாம் அரித்தது.

ஒரு தட்டு நிறைய மெஷின்களையும் மூடிகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். “கால்தானே வேலை செய்யுது? கை சும்மாதானே இருக்கு? இதை முடுக்கிடுங்க.”

“ஸ்க்ரூடிரைவர்?”

அதையும் கொண்டுவந்து மூலையில் இருந்த விளக்கில் தொங்கவிட்டார். கைப்பட்டை இல்லாமல் முடியாது. துணியும் உடம்பும் உரசினாலே நம்மேல் கொஞ்சம் மின்சாரம் சேர்ந்துகொள்ளும். நமக்குத் தெரியாது, சர்க்யூட் பலகையைத் தொட்டால் அதற்குத் தெரியும், தெரிந்த அக்கணமே செத்துப்போகும். அதனால்தான் பட்டையிலிருந்து ஒரு ஒயர் தரைக்குப் போகிறது. அந்த ஒயரையும் நீளமாக இழுத்து, சோபாவரைக்கும் கொண்டுவந்தார். டக். டக். டக். அக்கா உட்கார்ந்தபடி முடுக்கினாள். சாயங்காலம் பார்த்தால் அவள் முடித்தது வழக்கத்தைவிட அதிகம். ஒரு மூடிகூட விரிசல் இல்லை.

இப்போது வேறொரு சிக்கல். பிரஷ்காரி மாட்டி முடித்த மெஷின்களைத் தட்டில் வைத்து லைனிலிருந்து சோபாவுக்கு ஓடட்டும் சாரே சுமக்க வேண்டியிருந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது.

“நான் அக்கா பக்கத்துலயே இருந்தா உங்களுக்கு நடை மிச்சம் சார்” என்றாள் பிரஷ்காரி, பாவம்போல முகத்தை வைத்துக்கொண்டு.

சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. பிறகு சர்க்யூட் பலகைக்காரரிடமிருந்து பிரஷ்காரிக்கு யார் கொண்டுபோவது? அவரும் வந்தார். சக்கரக்காரர் மட்டும் தனியாக எதற்கு? ஸ்வெட்டரில் ஒரு நூலை இழுத்த கதையாக, லைன் முழுவதும் உருவி வந்து வீட்டுக்குள் விழுந்தது. கட்டில் விளிம்பில் இரண்டு பேர், மேஜையைச் சுற்றி நாலு பேர். மெஷின்கள் காலுக்கடியில் புகுந்து புகுந்து வந்தன. எல்லாரும் வரிசையாகக் காலைத் தூக்கினார்கள், இறக்கினார்கள், கையை நிறுத்தாமல். “இப்பதான் நிஜமான வீடு!” என்று இன்ஜினியர் குதித்தாள்.

பெல்ட் மட்டும் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஓடட்டும் சாருக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் நின்று வெறும் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மேனேஜர் வந்தார்.

“யாரு இவங்கெல்லாம்?”

“குடும்பம் சார்” என்றார் ஓடட்டும் சார், பதற்றத்தில்.

“யாரோட குடும்பம்?”

“மெஷினோட குடும்பம் சார்.”

மேனேஜர் கட்டிலையும் மேஜையையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, “எல்லாரும் எழுந்திருங்க. லைனுக்குப் போங்க” என்றார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒவ்வொருவராக எழுந்தார்கள். திருகு அக்கா எழுந்திருக்கவில்லை.

“உங்களுக்குத் தனியா சொல்லணுமா?”

“இல்ல சார். காதுல விழுந்தது.” அக்கா சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “இப்ப எழுந்தா நாளைக்கு நின்னாகணும். நின்னா கால் போயிடும், வேலையை விடணும். எனக்கு இந்த வேலை வேணும் சார். அதனால நான் எழுந்திருக்கல.”

அப்போது மெஷின் ஒன்று உர்ரென்று சோபாவை நோக்கி வந்தது. அக்கா மேனேஜரைப் பார்த்தபடியே பழக்கத்தில் காலைத் தூக்கினாள். மெஷின் நின்றது. ஆடவில்லை, சுழலவில்லை. ‘தூக்கிட்டியா? சரி’ என்பதுபோல ஒரு கணம் காத்திருந்து, காலுக்கடியில் நேராகப் புகுந்து கூட்டி, மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

“கத்துக்கிச்சு!” என்று இன்ஜினியர் அலறியதில் ஸ்டோர்கீப்பர் எங்கோ எதையோ கீழே போட்டார். “சார், கத்துக்கிச்சு! ஆனா அக்கா காலை மட்டும்தான் அதுக்குத் தெரியும். எல்லார் காலும் தெரியணும். செய்யற ஒவ்வொரு மெஷினையும் இப்படி ஆளுங்க நடுவுல ஓட்டிப் பார்த்துதான் அனுப்பணும். இவங்க எழுந்துட்டா பெட்டி போகாது.”

“இவங்க இங்க உட்கார்ந்தா லைன் ஓடாதே!” என்றார் மேனேஜர்.

“அப்ப லைன்லயே உட்காரட்டும்” என்றாள் பிரஷ்காரி.

“ஆளுக்கு நாற்காலி வாங்க இங்க அனுமதியே கிடையாது!”

இந்த இடத்தில் ஓடட்டும் சார் தொண்டையைச் செருமினார். காலி பெல்ட்டை இன்னும் ஒரு நாள் பார்த்தால் அவர் அழுதுவிடுவார். “ஆளுக்குத்தான் சார் அனுமதி இல்ல. மெஷினுக்கு நாம எது வேணாலும் வாங்கறோமே. கட்டில் வாங்கினோம். கம்பளம் வாங்கினோம். நாற்காலி மெஷின் சுத்தி வர்றதுக்கு சார். தடைப்பொருள். அது காலியா இருந்தா சோதனை சரியா வராது, அவ்வளவுதான்.”

மேனேஜர் யோசித்தார். யோசிக்க வசதியாக சோபாவில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மெஷின் வந்தது. அவரும் காலைத் தூக்கினார். முகத்தில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. “நல்லாதான் இருக்கு” என்று முணுமுணுத்துவிட்டு, “வாங்குங்க” என்றார்.

அடுத்த வாரம் லைன் நெடுக நாற்காலிகள் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ‘தடைப்பொருள்’ என்று ஒட்டியிருந்தது. திருகு அக்கா தன் தடைப்பொருளைத் துணியால் துடைத்தாள், உயரத்தைச் சரிசெய்தாள், உட்கார்ந்தாள், பட்டையைக் கட்டிக்கொண்டாள். பெல்ட்டுக்கடியில் மெஷின்கள் கால் காலாகத் தாண்டிக்கொண்டு போயின.

நிற்பவர் ஓடட்டும் சார் ஒருவர்தான். அவருக்கும் ஒரு நாற்காலி தருவதாக இன்ஜினியர் சொன்னாள், மறுத்துவிட்டார். உடனே அவள் கண் மின்னியது. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தே இருப்பார்களா? குறுக்கும் நெடுக்கும் நடக்கிற ஒருவர் இருப்பாரே! அவள் ஒரு ஸ்டிக்கர் எழுதி அவர் சட்டை முதுகில் ஒட்டினாள்: ‘நடமாடும் தடைப்பொருள்’. பிறகு மூன்று மெஷின்களை ஒன்றாகத் திறந்துவிட்டாள்.

“ஏய், இதுங்க என்னைத் துரத்துது! நிறுத்துங்க!” என்று அவர் லைன் நெடுகக் குதித்தார்.

“ஓடட்டும் சார், ஓடட்டும்!” என்று லைன் முழுவதும் கத்தியது.

அவர் தன்னைத் தாண்டிப் போக வசதியாகத் திருகு அக்கா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். மெஷின்களும் தாண்டிப் போயின. காலை இறக்காமல், அடுத்த மூடியை எடுத்து வைத்து அழுத்தினாள்.

டக்.